மாமியார் மரத்துக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் உங்கள் வனக்காப்பாளர் பயிற்சி வகுப்பில் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் ஒரு சால்வை, ஒரு டீ, பழைய கதை கொஞ்சம் என்று முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், மழை கம்மி ஆய்க்கினே போவுது. தீ ஜாஸ்தி ஆய்க்கினே போவுது. மரமெல்லாம் நின்ன எடத்துலயே காயுது. எல்லாம் போவப் போவுதுன்னு தெரிஞ்சும் தெனம் காலைல யூனிஃபார்ம மாட்டிக்கினு எப்டி மேடம் கெளம்பினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது. எல்லோரும் தட்டை நோக்கிப் போய்விட்டீர்கள். நானும் நிம்மதியாக இரண்டு எடுத்துக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் முகம் கூடவே வந்தது. அவளுக்குத் தர வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

நான் கல்வராயன் மலையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவள். நாற்று நடுவது, ரோந்து போவது, அறிக்கை எழுதுவது இதையெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் கோவிந்தனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "தாராளமா எழுதுங்க மேடம். நா அழுதத மட்டும் கொஞ்சம் கம்மியா எழுதுங்க" என்றான்.

கோவிந்தன் எனக்குக் கீழே வனக்காப்பாளராக இருந்தவன். ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பம். வெள்ளிமலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றுவான். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். சாப்பிட ஆரம்பித்தாலும் அப்படித்தான். மலைக் கிராமங்களில் எந்த வீட்டில் சாமைச் சோறு நன்றாக இருக்கும் என்பது ரோந்துப் பாதையைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் நடுவே ஒரு மொட்டைச் சரிவு இருந்தது. அதில் வேங்கை, கடுக்காய், நெல்லி என்று கலந்து நட்டோம். நட்டதற்கு அடுத்த இரண்டு கோடையும் கொடுமை. கீழே ஓடையிலிருந்து கேனில் தண்ணீர் மொண்டு தோளில் வைத்துக்கொண்டு கோவிந்தன் ஏறுவான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஏறி இறங்குகிற அலுப்புக்கு அவன் ஒரு வேடிக்கை கண்டுபிடித்தான். கன்றுகளுக்கெல்லாம் மாமனார் வீட்டு உறவுமுறையை வைத்துவிட்டான்.

"இது பெரிய மச்சான் மேடம். எவ்ளோ ஊத்தினாலும் குடிக்கும். ஆனா அசையாது."

ஒரு கடுக்காய்க் கன்று மாமனார். கொஞ்சம் கோணலாக, எதிலும் பட்டுக்கொள்ளாமல் நிற்கும். ஓரமாக இருந்த ஒரு வேங்கை மாமியார். சரிவிலேயே நன்றாக வளர்ந்தது அதுதான். சில வருஷத்தில் ஆளுயரம் தாண்டி, நிழல் விழுகிற அளவுக்கு வந்துவிட்டது. கோவிந்தன் மதியம் அதன் கீழேதான் தூக்குப்பாத்திரத்தைத் திறப்பான். "மாமியார் வூட்டுச் சாப்பாடு மேடம்" என்பான்.

அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்கு ஸ்மார்ட்போன் வந்திருந்தது. உலகத்தில் எங்கே காடு எரிந்தாலும் அது என் போனில் எரியும். பெயர் வாயில் நுழையாத தேசத்தில் பனிமலை உருகினால் நான் இங்கே சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பேன். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் நிலத்தடி நீர் பற்றிப் பேசுவேன். அவர் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போவார். என் கணவர் கச்சிராயபாளையத்தில் டூவீலர் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல், "எங்கனா ஒரு காடு எரிஞ்சாத்தான் உனக்குச் சோறு எறங்குமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. போனை மட்டும் கீழே வைக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பங்குனியில் ஒரு மதியம் எங்கள் சரிவுக்கு மேலே புகை தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது தீ மேட்டைத் தாண்டிவிட்டது. புல் இடுப்பளவு காய்ந்து கிடந்தது. நானும் கோவிந்தனும், தீக்காவலர்கள் நாலைந்து பேரும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடிக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் கட்டுக்குள் வருவது போலத்தான் இருந்தது. பிறகு காற்று திரும்பியது. ஒன்றாக இருந்த தீ இரண்டாகப் பிரிந்து, ஒன்று நாங்கள் நட்ட சரிவை நோக்கியும் மற்றொன்று கீழே ஓடையை நோக்கியும் இறங்கியது.

ஓடையை ஒட்டி அடர்ந்த சோலை ஒன்று இருந்தது. அதற்குள் ஊற்று. அந்த ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் வழியாகத்தான் கீழே இருந்த மலைக் கிராமத்துக்குக் குடிதண்ணீர் போனது.

இரண்டு பக்கமும் நிற்க ஆள் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். முன்னாலேயே யோசித்து வைத்திருப்பதுதான் கைகொடுக்கும். சோலை போனால் ஊற்று போகும், ஊற்று போனால் ஊர் போகும். இதை நான் பல தடவை அந்தப் பாதையில் நடக்கும்போதே மனசில் போட்டு வைத்திருந்தேன். அதனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரிவ விட்டுடுங்க. எல்லாரும் கீழ எறங்குங்க."

காவலர்கள் இறங்கினார்கள். கோவிந்தன் நகரவில்லை.

"நீங்க போங்க மேடம். நா வரல."

"கோவிந்தா, காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. வாப்பா."

"எப்டி மேடம் உட்டுட்டு வர்றது? எல்லாம் நின்னுக்கினு இருக்குதுங்க பாருங்க."

அவன் கண்ணில் நான் தெரியவே இல்லை. புகைக்கு நடுவே கிளையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். உயிர் முக்கியம், குடும்பம் இருக்கிறது, மரம் மறுபடி நடலாம் என்று சொல்ல வேண்டியது எல்லாம் எனக்கு வாய்க்குள் வந்தது. அதில் எதுவும் அவன் காதில் ஏறாது என்றும் தெரிந்தது. கீழே பார்த்தேன். சருகுக்கு நடுவே குழாயின் ஒரு துண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"கோவிந்தா, கொழா எந்தப் பக்கமா போவுது? சருகுல மூடிக் கெடக்குது. எங்க யாருக்கும் தெரியல. தீ வந்தா உருகிடும்."

அவன் கை நின்றது.

"பாறைக்கு அந்தாண்ட போவுது மேடம். இந்தப் பக்கம் தேடாதீங்க."

"வந்து காட்டு."

ஒரு கணம் மேலே பார்த்தான். பிறகு கிளையை வீசிவிட்டு என்னைத் தாண்டிக் கீழே ஓடினான். குழாயை அவன்தான் உருவினான். சருகுக்குள்ளிருந்து பாம்பை இழுப்பதுபோல் இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு ஓடையின் மறுகரைக்கு ஓடினான். நாங்கள் சோலையைச் சுற்றிச் சருகைத் தள்ளி வெற்றுத்தரை ஆக்கினோம். தீ அங்கே வந்து நின்று, கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு அடங்கியது. சோலை தப்பித்தது. ஊற்று தப்பித்தது. சரிவு முழுக்கப் போய்விட்டது.

அன்று எங்களில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதால் எனக்குப் பாராட்டு கிடைத்தது. கோவிந்தன் மறுநாளும் வேலைக்கு வந்தான். ஆனால் பேசவில்லை. சாமைச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் ரோந்தில் பாதி வழியில் நின்று, "நாம இன்னா பண்ணாலும் போவப் போவறது போவத்தான் போவுது மேடம். சும்மா நம்மள நாமளே ஏமாத்திக்கினு இருக்கோம்" என்றான். அடுத்த வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனான். லீவை நீட்டினான். மறுபடியும் நீட்டினான்.

எங்கள் வனச்சரகரிடம் போனேன். அவர் பெயரைப் போட்டால் போன் பண்ணித் திட்டுவார், அதனால் போடவில்லை. எப்போதும் மேஜை மேல் வேர்க்கடலை இருக்கும். எந்தப் பெரிய விஷயத்தையும் கடலையை உரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"ஐயா, நீங்க அவன் கிட்ட ஒரு வார்த்த பேசுங்க. மனச உட்டுட்டான்."

"நான் பேசினா 'சரிங்க ஐயா'ன்னுவான். போன வெச்சிடுவான். நீ போ."

"போய் இன்னா சொல்றதுங்க? நம்பிக்கையா நாலு வார்த்த..."

"அதான் கூடாது." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "அவன் சொல்றது பொய்யா?"

யோசித்தேன். மழை குறைந்தது பொய்யில்லை. சரிவு எரிந்தது பொய்யில்லை. அடுத்த கோடையும் வரத்தான் போகிறது.

"பொய் இல்லைங்க."

"அப்ப எதுக்கு மறுத்துப் பேசப் போற? எழவு வூட்டுக்குப் போய் 'ஒண்ணும் ஆவல'ன்னு சொல்லுவியா? போய் உக்காரு. அவன் சொல்றதக் கேளு. அவ்ளோதான்."

பஸ் பிடித்து மலை இறங்கினேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி ரிஷிவந்தியம் போய், அங்கிருந்து ஆட்டோ. கோவிந்தன் வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவன் மனைவி செல்வி, "வாங்கக்கா, வாங்கக்கா, நீங்களாவது சொல்லுங்க இவருக்கு" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

கோவிந்தன் முந்திக்கொண்டான். "சமாதானம் சொல்ல வந்தீங்களா மேடம்?"

"இல்லப்பா. நீ சொன்னது நெஜம்தான். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் மறுத்துப் பேசுவதற்குத் தயாராக இருந்திருப்பான் போல. மறுக்க ஒன்றும் இல்லாததால் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"கீழ ஓடிக்கினு இருக்கும்போது ஒரு வாட்டி திரும்பிப் பாத்தேன் மேடம். மொதல்ல மாமனாரு போனாரு. அப்புறம் பெரிய மச்சானும் சின்ன மச்சானும் ஒண்ணா போயிட்டாங்க. மாமியார்தான் கடைசி வரைக்கும் நின்னாங்க. நின்னபடியே எரிஞ்சாங்க."

உள்ளே டம்ளர்கள் விழுந்து உருண்டன.

செல்வி தலைமுடி அவிழ மாரில் அடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "ஐயோ எங்கம்மா! எங்கப்பா! எப்பக்கா? எப்டி? காலைலதானே போன்ல பேசினேன்! எல்லாருமா? ஐயோ, எல்லாருமா போயிட்டாங்க?"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா, மரம், மரம்" என்கிறேன். அவள், "மரம் மேல உழுந்துடுச்சா?" என்று இன்னும் பெரிதாக அலறுகிறாள். கடைசியில் அவள் அம்மாவுக்கே போன் போட்டுக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அலமேலு அம்மாள், "இன்னாடி, கொழம்பு கொதிக்குது, சீக்கிரம் சொல்லு" என்றார்.

கோவிந்தன் சிரிக்க ஆரம்பித்தான். தீக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கட்டிலில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. அவன் சொன்னபடி இந்த இடத்தைக் கம்மியாக எழுதுகிறேன்.

அக்கம்பக்கம் கலைந்து போனதும் செல்வி விசாரணையை ஆரம்பித்தாள்.

"எங்கம்மாவ மரம்னு சொன்னியா?"

"மரத்த உங்கம்மான்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"அங்க அதான் நல்லா வளந்துச்சு."

இதில் அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் முழுக்க இறங்கவில்லை. "அந்த மரத்துக்கெல்லாம் தோள்ல தண்ணி செமந்த. எங்கப்பா முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்துக் கெடந்தாரே, ஒரு வாட்டி வந்து எட்டிப் பாத்தியாயா நீ?"

அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது.

"இவ்ளோ பேரு போயிருக்காங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லல நீ. துக்கம் கேக்க ஒரு ஆளு வரல. ஒப்பாரி இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் எப்டி மனசு ஆறும்?"

"மரத்துக்கு யாருடி வந்து துக்கம் கேப்பாங்க?"

"எங்க வூட்டு ஆளுங்கதானே? நாங்க வருவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. சரகரிடம் போய், கோவிந்தனின் மாமனார் வீட்டார் எரிந்த சரிவைப் பார்க்க வருகிறார்கள், அனுமதி வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பில் கடலை புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "வரட்டும். மால போடலாம், அழலாம். கற்பூரம் மட்டும் கூடாது. தீப்பெட்டி இருந்தா கீழயே குடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

ஒரு ஜீப்பில் வந்தார்கள். மாமனார் கைத்தடியுடன், மச்சான்கள் இருவரும் வெள்ளைச் சட்டையில், அலமேலு அம்மாள் கையில் மாலைப் பையுடன். மலைப்பாதை வளைவுகளில் சின்ன மச்சானுக்கு வாந்தி வேறு. சரிவில் தரை கரியாக இருந்தது. கோவிந்தன் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

மாமனார் தன் மரத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். "இதான் நானா? இவ்ளோ ஒல்லியாவா இருந்தேன்?"

மச்சான்கள் இருவரும் யார் உயரம் என்று எரிந்த குச்சிகளை அளக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அலமேலு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வேங்கையிடம் போய் நின்றார். அடிமரத்தில் கையை வைத்தார். உள்ளங்கை கறுப்பாகிவிட்டது. அதைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்து, "நல்லா வளந்திருக்கியே தாயி" என்றார். மாலையைப் போட்டார். அப்புறம் சன்னமாக ராகம் இழுக்க ஆரம்பித்தார்.

கீழ்க் கிராமத்துப் பெண்கள், இத்தனை பேர் எரிந்த காட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார்கள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் சும்மா நிற்க யாராலும் முடியாது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். போனில் அத்தனை காடு எரிந்தபோது எனக்குள் அடைத்துக்கொண்டு நின்றது, அந்தச் சரிவில் அவர்கள் நடுவே உட்கார்ந்தபோதுதான் வெளியே வந்தது. பின்னால் நின்றிருந்த சரகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஓய்ந்த பிறகு கிராமத்துப் பெண் ஒருத்தி அலமேலு அம்மாளிடம், "இவரு உங்க மருமவனா? அன்னிக்குக் கொழாயத் தோள்ல சுத்திக்கினு ஓடியாந்தது இவருதான். எங்க புள்ளைங்க இன்னிக்கும் அந்தத் தண்ணிதான் குடிக்குது" என்றாள்.

கோவிந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். யோசித்துப் பார்த்தால், அந்த நாள் வரைக்கும் இதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. போனதையே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஓடையில் கை கால் கழுவிக்கொண்டு சோலை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிராமத்திலிருந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. கோவிந்தன் இரண்டாவது தடவை தட்டை நீட்டியபோது செல்வி என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் அவன் வேலைக்குத் திரும்பினான். லீவு கிடைக்கும்போதெல்லாம் மாமனாருடன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும் வழக்கமும் சேர்ந்துகொண்டது.

சரகர் அதன்பிறகு ஒரு பழக்கம் கொண்டு வந்தார். திங்கள்கிழமை கூட்டத்தில் வேலைப் பேச்சுக்கு முன்னால், அவரவர் பகுதியில் அந்த வாரம் என்ன போனது என்று சொல்ல வேண்டும். காய்ந்த ஆலமரம், வற்றிய சுனை, ரோட்டில் அடிபட்ட மான், எதுவானாலும். யாரும் ஆறுதல் சொல்லக்கூடாது. சும்மா கேட்க வேண்டும். பிறகு டீ. பிறகு வேலை. ஆரம்பத்தில் சிலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள்தான் பின்னால் ரொம்ப நேரம் பேசினார்கள்.

நானும் வீட்டில் அதையே செய்தேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார். சொல்வேன். பட்டறைக் கிரீஸ் கையோடு நின்று முழுக்கக் கேட்பார். "சரி, குளிச்சிட்டு வா. சாப்புடலாம்" என்பார். கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலைக்காரர்கள் பாயசம் வரை உட்கார ஆரம்பித்தார்கள்.

கேள்வி கேட்ட பெண்ணுக்குச் சொல்கிறேன். காடு பிழைத்துவிடும் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குத் தெரியாது. அந்தச் சரிவு இன்னும் பழையபடி ஆகவில்லை. முதல் மழைக்கு உண்ணிச்செடி என்கிற களைதான் முந்திக்கொண்டு வந்தது. நாங்கள் மறுபடி நட்டதில் பாதி காய்ந்தது. அதற்கப்புறமும் தீ வந்தது. உனக்கு வருகிற வருத்தம் நோய் இல்லை, பலவீனமும் இல்லை. நேசித்த ஒன்று போனால் வரவேண்டியதுதான் அது. அதைத் தனியாக வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு உட்காராதே. ஆள் கூட்டு. சொல்லி அழு. கை கால் கழுவிக்கொண்டு சாப்பிடு.

போன வாரம் பேப்பரில் மலையில் தீ என்று ஒரு சின்னச் செய்தி பார்த்தேன். பழைய பழக்கம், உடனே கோவிந்தனுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எடுத்தான். பின்னால் ஜீப் சத்தம்.

"கோவிந்தா, காடு எப்டிப்பா இருக்குது?"

"பாதி இருக்குது மேடம்."

"மீதி?"

"அப்புறம் ஒரு நாள் உக்காந்து பேசுவோம் மேடம். இப்ப இருக்கற பாதிக்குத்தான் போய்க்கினு இருக்கேன். வெச்சிடட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.